தாழ்தளப் பேருந்தா, லிஃப்ட் வைத்த பேருந்தா?

சென்னையில் ஓடும் பழைய வகை மாநகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 900 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. முட்டிவலி உள்ள என் அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, உடம்பை மேலே இழுத்துத்தான் முதல் படி ஏறுவார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் படி அப்படியே இருக்கிறது.

இதற்கு இரண்டு வழி பேசப்படுகிறது. உயரமான பேருந்திலேயே ஹைட்ராலிக் லிஃப்ட் பொருத்துவது ஒன்று. தளமே 400 மி.மீ. உயரத்தில் இருக்கும் தாழ்தளப் பேருந்து இன்னொன்று. நடுவில் 650 மி.மீ. தளம் கொண்ட வகையும் உண்டு. அதிலும் படி ஏற வேண்டும் என்பதால் அதை விட்டுவிடலாம்.

லிஃப்ட் வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மேடுபள்ளமான தெரு, வேகத்தடை, மழைநீர் தேங்கிய சாலை எல்லாவற்றிலும் உயரமான வண்டி தட்டாமல் போகும். சக்கர நாற்காலியையும் சரிவில் தள்ள வேண்டியதில்லை, நேராகத் தூக்கிவிடும்.

சரி, அந்த லிஃப்ட்டை யாருக்காக இறக்குவார்கள்? சக்கர நாற்காலியில் வருபவருக்கு மட்டும்தான். ஊன்றுகோல் வைத்திருக்கும் பெரியவர், நிறைமாத கர்ப்பிணி, என் அம்மா எல்லோருக்கும் பழைய படிதான். பின்னால் ஹாரன் அலறும்போது, "தம்பி, எனக்கும் அதை இறக்குப்பா" என்று கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அப்புறம், எப்போதாவது ஒருமுறை இயக்கும் இயந்திரம், தேவைப்படும் நாளில் மக்கர் செய்தால், நிறுத்தத்தில் காத்திருந்தவர் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

தாழ்தளத்தில் எல்லோருக்கும் ஒரே வாசல். நிறுத்தத்தில் வண்டி இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து இன்னும் தாழும். நாற்காலிக்குக் கையால் விரிக்கும் சரிவுப் பலகை போதும். மாற்றுத்திறனாளி உரிமைக்காகப் போராடுபவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடியது இந்த வகைக்காகத்தான். 2024 ஆகஸ்டில் டீசல் தாழ்தளப் பேருந்துகளும், 2025 ஜூனில் மின்சாரப் பேருந்துகளும் சென்னைச் சாலைக்கு வந்தன. என் ஓட்டும் இதற்கே.

ஆனால் நிறுத்தம் சரியில்லை என்றால் இதுவும் பாதிப் பயன்தான். பலகை ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். 150 மி.மீ. உயர நடைமேடையை ஒட்டி வண்டி நின்றால், மீதி ஏற வேண்டியது 250 மி.மீ.; சரிவு ஏறக்குறைய 1:4, அதாவது நாலு அடி போவதற்குள் ஓர் அடி ஏற்றம். நடுச்சாலையில் நின்றால் பலகை தார்ச்சாலையில் இறங்கும், சரிவு ஏறக்குறைய 1:2.5. கட்டடங்களில் சாய்தளத்துக்குச் சொல்லப்படும் அளவு 1:12. வண்டி சாய்ந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நடைமேடையை ஒட்டி நின்றால் ஒருவர் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிடலாம். நடுச்சாலையில் நின்றால் இரண்டு பேர் தூக்கத்தான் வேண்டும். ஓட்டுநர் ஒட்டி நிறுத்த நினைத்தாலும், அந்த இடத்தில் ஆட்டோவும் பைக்கும் நிற்கின்றன. அவற்றை அகற்றுவது போக்குவரத்துக் கழகத்தால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. மாநகராட்சியும் காவல்துறையும் நிறுத்தம் நிறுத்தமாக இறங்கிச் செய்ய வேண்டும்.