பூங்காவில் கேண்டிட் படம்: 35-ஆ, 85-ஆ?

கேண்டிட் என்றால் ஆட்கள் போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது எடுப்பது. அதற்கு ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் இரண்டு பிரைம் லென்ஸ்கள், அதாவது ஜூம் இல்லாதவை: அகலமாகக் காட்டும் 35 மிமீ, தூரத்தை நெருக்கிக் காட்டும் 85 மிமீ. பூங்காவுக்கு ஒன்றைத்தான் எடுத்துப் போக வேண்டுமென்றால் என் ஓட்டு 35-க்கு. (ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் வைத்திருப்பவர்கள் 23, 56 என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 85-ல் பின்னணி அழகாகக் கரையும், முகம் கோணாது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். எடை, விலை பற்றியும் இங்கே பேசப்போவதில்லை. முடிவைத் தீர்மானிப்பது, எவ்வளவு தூரத்தில் நின்று எடுக்கிறோம் என்பதுதான்.

தெருவில் ஆட்கள் நம்மைக் கடந்து போய்விடுவார்கள். பூங்காவில் உட்கார்ந்திருப்பார்கள்; நாம்தான் நடமாடுகிறோம், அதனால் சீக்கிரம் கண்ணில் படுகிறோம். 85-ல் ஓர் ஆளை முழுசாக ஃபிரேமுக்குள் கொண்டுவர ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து கேமராவைத் தூக்கினால் ஒளிந்து எடுப்பது போலத் தெரியும், விளக்கம் சொல்லவும் குரலை உயர்த்த வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் இது நேராகத் தகராறில் கொண்டுபோய் விடும். 35-ல் மூன்று மீட்டர், அதாவது நாலு எட்டு. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, கேமராவை மடியில் தெரியும்படி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா இருங்கள். யாரும் உங்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கண்டுகொண்டாலும் புன்னகைத்துத் திரையைக் காட்டலாம். வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடலாம்.

35-ல் இன்னொரு லாபம் ஃபோகஸ். அபர்ச்சர் (லென்ஸின் துளை; எஃப் எண் கூடினால் துளை சுருங்கும், தெளிவாக விழும் தூரம் நீளும்) எஃப் 8, மேனுவல் ஃபோகஸ் 3 மீட்டர் என்று வைத்தால், சுமார் 1.9 முதல் 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவந்ததும் அழுத்த வேண்டியதுதான். 85-ல் எஃப் 2 வைத்து ஐந்து மீட்டரில் எடுத்தால் தெளிவு மொத்தம் 40 செ.மீ.; முன்னால் ஓர் இலை அசைந்தால் ஆட்டோ ஃபோகஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். 35-லும் ஒரு சிக்கல் உண்டு. தூர அளவு பொறிக்காத புது லென்ஸ்கள் பல, கேமரா தூங்கி எழுந்ததும் ஃபோகஸை மறந்துவிடும். தூங்கும் நேரத்தைக் கூட்டி வையுங்கள். மூன்று மீட்டரில் இருக்கும் ஒரு மரத்தில் ஃபோகஸ் செய்து, பிறகு மேனுவலுக்கு மாற்றுங்கள்.

சதுரங்கம் ஆடும் இரண்டு பெரியவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 85 ஒருவருடைய நெற்றிச் சுருக்கத்தைத் தரும், அருமையாகவே இருக்கும். 35-ல் அந்தரத்தில் நிற்கும் குதிரை, பெஞ்சுக்கடியில் கழற்றிப் போட்ட செருப்பு, பின்னால் குனிந்து யோசனை சொல்ல வாய் திறக்கும் மூன்றாமவர், எல்லாம் ஒரே படத்தில் வரும். பூங்காவில் எடுத்தது என்று அந்தப் படமே சொல்லிவிடும். ஒரே எச்சரிக்கை: ஃபிரேமின் ஓரத்தில் முகம் வைக்காதீர்கள், இழுபடும்.

மரநிழல் இரண்டு லென்ஸுக்கும் ஒரே தொல்லைதான். இலை வழியே விழும் வெயில் பொட்டுகள் கன்னத்தில் வெளுத்துப் போகும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 ஸ்டாப் குறைத்து வையுங்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஷட்டர் 1/250 நொடி, ஓடும் பிள்ளைகளுக்கு 1/500, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில்.

ஊஞ்சல், குளத்தின் அக்கரை போல நெருங்க முடியாத இடங்களில் 85-தான் சரி. அந்தி சாய்ந்த பிறகு 35-தான் என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். வெளிச்சம் போதாமல் எஃப் 2.8-க்குத் திறந்தால் மூன்று மீட்டர் ஃபோகஸில் தெளிவு 2.5 முதல் 3.8 மீட்டருக்குள் சுருங்கிவிடும். அப்போது மேனுவலை விட்டுவிட்டு, முகம் கண்டுபிடிக்கும் ஆட்டோ ஃபோகஸுக்குத் திரும்புங்கள்.