ஜாதகமா, உளவியல் கேள்வித்தாளா: குணத்தை எது சொல்லும்?

ஒருவரின் குணத்தை அறிய ஜாதகம் பிறந்த நேரத்தைக் கேட்கிறது. உளவியல் கேள்வித்தாள் அவர் நடந்துகொள்ளும் விதத்தைக் கேட்கிறது. "சிம்ம லக்னக்காரர் பிடிவாதக்காரர்" என்றால் நமக்கும் பொருந்துவதுபோலத்தான் இருக்கும். ஆனால் 1948-ல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணக்குறிப்பைக் கொடுத்தார். தங்களுக்கென்றே எழுதியது என்று நம்பி, அவர்கள் 5-க்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். பொருந்துகிறது என்ற உணர்வு சான்றாகாது.

சரி, நேரடியாகச் சோதித்தால்? வானியலாளர் ஜயந்த் நார்லிகர் மகாராஷ்டிரத்தில் அதைச் செய்தார். நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், அறிவுசார் குறைபாடுள்ள 100 பிள்ளைகள். இவர்களின் ஜாதகங்களைக் கலந்து, பெயர் சொல்லாமல் கொடுத்தார். 27 ஜோதிடர்கள் ஆளுக்கு 40 ஜாதகம் பார்த்து, எது எந்த வகைப் பிள்ளையுடையது என்று சொன்னார்கள். சரியாக வந்தது 46 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வரும்.

கேள்வித்தாளிலும் குறை உண்டு. நம்மைப் பற்றி நாமே சொல்லும்போது கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம். ஆனால் அது தவறினால் திருத்துகிறார்கள். அதனால் அறிவியல் என்ற பெயரை அதற்குத்தான் தருவேன். பஞ்சாங்கக் கணிதத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஒரு பெண்ணின் குணத்தைக் கட்டம் பார்த்து முடிவு செய்வதைத்தான் ஏற்க முடியவில்லை.