விளக்கைப் போட்டால் ஏறும் முள்

நான் வைத்திருப்பதைப் போன்ற பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இழுவை, லோ கியர், உயரம் எல்லாம் அவருக்கே தெரியும்; 11 ஆண்டுகளில் சேற்றிலோ மணலிலோ இந்த வண்டி என்னைக் கைவிட்டதில்லை. என் வயிற்றெரிச்சல் முழுவதும் டேஷ்போர்டில் உள்ள இரண்டு முட்களைப் பற்றியது.

இரவுப் பயணங்களில் வெப்பநிலை முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நெருங்கும்; டீசல் முள்ளோ இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். கால் டேங்க் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி ஒருமுறை வறண்டு நின்றது. எஞ்சின்தான் சூடாகிறது என்று நம்பி ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன், தெர்மோஸ்டாட்டை மாற்றினேன், பிறகு வெப்பநிலை சென்சாரையும் டேங்க்கில் டீசல் அளவை உணரும் மிதவையான ஃப்ளோட்டையும் மாற்றினேன். பட்டறையில் பகலில் சோதித்தபோதெல்லாம் முட்கள் பரம சாதுவாக நின்றன.

இரண்டு முட்களும் ஒன்றாகவே பொய் சொல்கின்றன என்பதை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். இத்தகைய பழைய வண்டிகளில் இவ்விரண்டு மீட்டர்களுக்கும் பேட்டரியின் மின்னழுத்தம் நேரடியாகப் போவதில்லை. மீட்டர் பெட்டியின் பின்புறம் உள்ள சிறிய ரெகுலேட்டர் ஒன்று அதைக் குறைத்துச் சீராக்கி இரண்டுக்கும் சேர்த்து அனுப்புகிறது. அந்த ரெகுலேட்டரின் எர்த், அதாவது வண்டியின் உலோக உடல் வழியாக பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு, கெட்டால் கூடுதல் மின்னழுத்தம் போய் இரண்டு முட்களும் ஒருசேர ஏறிவிடும். மழைநாள் ஒன்றில் பகலிலேயே முகப்பு விளக்கைப் போட்டபோது முட்கள் ஏறியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. விளக்கைப் போட்டதும் டேஷ்போர்டின் சின்ன பல்புகளும் எரிகின்றன. அவற்றின் மின்னோட்டம் திரும்பிச் செல்வதும் அதே எர்த் ஒயர் வழியாகத்தான்; அந்தச் சுமையும் சேரும்போதுதான் கெட்ட எர்த் தன் வேலையைக் காட்டுகிறது.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை மீட்டர் பெட்டியின் எர்த் முனையிலும் வைத்து விளக்கைப் போட்டேன். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 1.8 வோல்ட் காட்டியது. ஒயரின் மறுமுனை பெயிண்ட் பூசிய தகட்டில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டு, அடியில் துரு ஏறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புதிய ஒயர் ஒன்றையும் இணைத்தேன். அரை மணி நேர வேலை!

அதன் பிறகும் வெப்பநிலை முள் விடவில்லை; இப்போது எந்நேரமும் தாழ்வாகவே நின்றது. புதிய சென்சாரின் மரையில் மெக்கானிக் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தார். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த் என்பதால் டேப் அதை மறித்துவிட்டது. டேப்பை உரித்து மாட்டிய பிறகு முள் நடுவில் வந்து நின்றது. யோசித்துப் பார்த்தால், சென்சார் மாற்றிய பிறகு சில வாரங்கள் இரவில் மட்டும் முள் ஒழுங்காக நின்றதே, அது இரண்டு பழுதுகள் ஒன்றையொன்று ஈடுகட்டியதால்தான். அதை நம்பி மெக்கானிக்கைப் பாராட்டிவிட்டு வேறு வந்திருந்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: சென்சார் ஒயரைக் கழற்றி எஞ்சின் உலோகத்தில் தொட்டு முள் ஏறுகிறதா என்று பார்க்கும் சோதனை நல்லதுதான், ஆனால் முள் நகரத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் மீட்டரே கருகக்கூடும்.

இத்தனை வயதான வண்டியில் ஒரு போல்ட் துருப்பிடித்ததைக் குற்றம் என்று சொல்வது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொன்னேன். இன்றும் இரவில் வண்டியை ஓரமாக நிறுத்தினால், முதலில் விளக்கை அணைத்து, முள் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கதவைத் திறக்கிறேன்.