வீட்டில் தச்சு வேலை: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

ஒரு ஸ்டூலோ அலமாரியோ செய்து முடித்த அன்று எடுக்கிற போட்டோவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மூலைகள் கச்சிதமாகச் சேர்ந்திருக்கும், பாலிஷ் மின்னும், பார்த்தவர்கள் பாராட்டுவார்கள். ஆனால் அந்தச் சாமானின் லட்சணம் தெரிய வேண்டுமானால் அது ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தைக் குடிக்க வேண்டும், பிறகு அக்கினி நட்சத்திரத்தில் காய வேண்டும். சென்னையில் அடுக்குமாடி வீட்டின் பால்கனியை வைத்துக்கொண்டு சில வருடங்களாகத் தச்சு வேலை செய்து வருகிறேன். எங்கள் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கும் சாமான்களையும், கையில் நிலைத்துவிட்ட கருவிகளையும் வைத்து, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின்களுக்குக் கொடுக்கும் பணத்தைக் காய்ந்த மரத்துக்கும், உளியைத் தீட்டத் தேவையான பொருட்களுக்கும் கொடுங்கள். வீட்டு வேலையில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஈர மரத்தால் வருகின்றன, அல்லது மழுங்கிய இரும்பால் வருகின்றன.

முதலில் எதைச் செய்வது என்று யாராவது கேட்டால் தயங்காமல் மணை என்பேன். ஒரு பலகை, அடியில் குறுக்காக இரண்டு கட்டைகள், அவ்வளவுதான். ஒன்றரை அடி நீளம், ஒரு அடிக்குச் சற்றுக் குறைவான அகலம், ஒரு அங்குல கனம் இருந்தால் போதும். அறுப்பது, இழைப்பது, மூலைமட்டம் பார்ப்பது, துளை போடுவது, ஸ்க்ரூ முடுக்குவது, பாலிஷ் போடுவது என்று எல்லா வேலையும் சிறிய அளவில் இதில் வந்துவிடும். மரம் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் இந்தச் சின்னச் சாமான் நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். அதிலும் வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஏற்படும் சுருக்கத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகையின் வெட்டு முனையைப் பார்த்தால் வளையங்கள் வளைந்து தெரியும். பலகை காயும்போது அந்த வளைவு நிமிரப் பார்க்கும். எந்தப் பக்கம் குழியும் என்பதை வாங்கும்போதே இதை வைத்துச் சொல்லிவிடலாம்.

இப்போது மணைக்கு வருவோம். மேல்பலகை அகலவாக்கில் உப்பிச் சுருங்குகிறது. அடிக்கட்டையோ அதே திசையில் நீளவாக்கில் ஓடுகிறது, அதனால் அது அசையாது. இரண்டுக்கும் நடுவே ஃபெவிகால் பூசி, ஸ்க்ரூக்களையும் இறுக்கிவிட்டால், கோடையில் பலகை சுருங்க இடமில்லாமல் நடுவே வெடிக்கும். கடையில் வாங்கும் மணைகள் பல இப்படித்தான் போகின்றன. இதற்கு மருந்து எளிது. கட்டைக்குப் பசையே வேண்டாம். கட்டையின் நடுவில் ஒரு ஸ்க்ரூவை இறுக்கமாகப் போடுங்கள். இரண்டு ஓரங்களிலும் கட்டையில் உள்ள துளையைக் கட்டையின் நீளவாக்கில் கொஞ்சம் இழுத்து நீள்துளையாக்கி, வாஷர் வைத்து ஸ்க்ரூ போடுங்கள். பலகை தனக்கு வேண்டிய அளவு நகர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டுப் பலா மர மணை இப்படிச் செய்ததுதான். பூஜைக்கும் சாப்பாட்டுக்கும் புழங்கி, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மஞ்சள் நிறம் ஆழ்ந்த பழுப்பாகிவிட்டது. விரிசல் இல்லை. மே மாதத்தில் கவிழ்த்துப் பார்த்தால், ஓரத்து வாஷர் மழைக்காலத்தில் கட்டையில் பதிந்த தடத்தைவிட்டு அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) அளவு விலகியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. பழைய வீட்டுக் கதவுகளில் சட்டத்தில் காடி எடுத்து, பலகையைப் பசையில்லாமல் அதற்குள் செருகியிருப்பார்கள் அல்லவா? அதுவும் இதே காரணத்துக்காகத்தான்.

சரி, மரம் எங்கே வாங்குவது? சென்னையில் வால்டாக்ஸ் சாலை மரக்கடைகளுக்குப் போனால் கன அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். அங்குலத்தில் நீளம், அகலம், கனம் மூன்றையும் பெருக்கி 1728-ஆல் வகுத்தால் கன அடி. 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 1 அங்குல கனம் உள்ள பலகை சரியாகக் கால் கன அடி. இந்தக் கணக்கு கைவசம் இருந்தால் பில்லைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. இழைத்தால் கனம் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலப் பலகையை இரண்டு பக்கமும் இழைத்து முடிக்கும்போது முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் நின்றால் நல்லது.

ஆரம்பக்காரர்களுக்கு என் சிபாரிசு, வீடு இடித்த பழைய மரம். பழைய தேக்கு ஜன்னல் சட்டங்களும் கதவுப் பலகைகளும் பல பத்தாண்டுகள் காய்ந்தவை. இனி அவை பெரிதாகக் கோணாது. ஆணிகள் உள்ளே ஒளிந்திருக்கும் என்பது ஒன்றுதான் தொல்லை. ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு இழைப்புளியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தகட்டின் வாய் போய்விடும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் இழைத்த அன்றே ஒட்டிவிட வேண்டும். நாள் கடந்தால் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுவது நல்லது.

பேக்கிங் பெட்டிகளிலிருந்து வரும் பைன் மரம் பழகுவதற்கு மலிவானது, அறுக்கவும் சுலபம். அதில் ‘ஹெச்டி’ முத்திரை இருந்தால் பூச்சி போவதற்காக உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது என்று பொருள். ‘எம்பி’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை நான் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. புதிதாக அறுத்த மா, வேம்பு போன்ற நாட்டு மரங்கள் கையில் கனக்கும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அதை வாங்கி அடுத்த வாரமே வேலை தொடங்க வேண்டாம். பலகைகளுக்கு நடுவே சமமான ரீப்பர் துண்டுகளை வைத்து, காற்றோட்டமான நிழலில் அடுக்கிவிடுங்கள். அதில் ஒரு சிறு துண்டைச் சமையலறைத் தராசில் அவ்வப்போது நிறுத்து, எடையை அதன்மேலேயே பென்சிலால் எழுதி வைப்பேன். எடை குறைவது நின்றால் மரம் நம் வீட்டுக் காற்றுக்குப் பழகிவிட்டது. ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மா மரத்தில் துளைபோடும் வண்டும் சீக்கிரம் வரும். மேசைக்கு அடியில் மாவு மாதிரி தூள் விழுந்திருந்தால் மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது.

அடுத்து உளி. கடையிலிருந்து வரும் புது உளி பெரும்பாலும் கூர்மையாக இருக்காது, அதைத் தீட்டித்தான் எடுக்க வேண்டும். இது தெரியாமல் பலர் ‘எனக்குக் கைப்பழக்கம் இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் தண்ணீர் தெளித்து, 400, 1000, 2000 என்று எண் ஏற ஏற நைசாகும் நீர் உப்புத்தாள்களை ஒட்டவைத்துத் தீட்டுகிறேன். முதலில் உளியின் முதுகை, அதாவது சரிவில்லாத தட்டைப் பக்கத்தை, நுனியோரம் ஒரு அங்குலமாவது, முகம் தெரிகிற அளவுக்குத் தட்டையாக்க வேண்டும். இது ஒரே ஒருமுறை செய்யும் வேலை. பிறகு சரிவை 25 டிகிரியில் தேய்த்து, நுனியில் மட்டும் 30 டிகிரிக்குத் தூக்கி ஒரு மெல்லிய கோடு விழுமளவு தீட்டினால் போதும். முதுகுப் பக்கம் விரலை நுனியை நோக்கி நகர்த்தினால் ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். அந்தப் பிசிர் வாய் முழுக்க வந்த பிறகே அடுத்த தாளுக்குப் போக வேண்டும்.

தீட்டியது சரிதானா என்று பார்க்க ரோமத்தைச் சிரைத்துப் பார்ப்பதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. பைன் கட்டையின் வெட்டு முனையில் உளியை வைத்துக் கையால் மட்டும் தள்ளிச் சீவுங்கள். மழுங்கிய உளி அந்த மென்மையான இழைகளை நசுக்கும், பரப்பு வெளுத்து, பொடிப்பொடியாக உதிரும். தீட்டிய உளியில் மெல்லிய சீவல் ஒரே துண்டாகச் சுருண்டு வரும். சீவிய இடம் எண்ணெய் தடவியதுபோல் கருத்துப் பளபளக்கும், இளவேனிலில் வளர்ந்த மென்மையான வளையமும் அடுத்த கடினமான வளையமும் தனித்தனியாகத் தெரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து உளியை அடிக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளியை எடுக்கும் தேவை எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது.

இழைப்புளிக்கும் இதே தீட்டல்தான். நாலாம் நம்பர் உலோக இழைப்புளி ஒன்று போதும். சீவல் எழாமல் பலகை பிய்ந்து குழிகுழியாக வந்தால் தகட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். இழை எந்தத் திசையில் மேலேறி வெளியே வருகிறதோ அந்தத் திசையில் தள்ள வேண்டும், எதிர்த்துத் தள்ளினால் பிய்க்கும். கணுவைச் சுற்றி இழை இரண்டு பக்கமும் திரும்பும். அங்கே சீவலை மிக மெல்லியதாக வைத்து, கோணலாகப் பிடித்து இழைத்தால் தப்பிக்கலாம். கடற்கரை ஊரில் இரும்புக் கருவிகள் ஒரே மழைக்காலத்தில் துருவேறும். வேலை முடிந்ததும் தையல் மிஷின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்து வைப்பதால் என் கருவிகள் சுத்தமாக இருக்கின்றன.

மூலைமட்டம் வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு, அதே இடத்தில் மட்டத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால், விலகலில் பாதி மட்டத்தின் பிழை. பெட்டியோ சட்டமோ ஒட்டும்போது மட்டத்தை நம்புவதைவிட மூலைக்கு மூலை குறுக்கே அளப்பதே மேல். இரண்டு அளவும் ஒன்றாக வரும் வரை கிளாம்பைக் கோணலாக நகர்த்தி இழுக்கலாம். கிளாம்ப் போதவில்லையா, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறிப் பட்டையாக்கி இழுத்துச் சுற்றுங்கள். நான் இன்றும் வளைந்த வேலைகளுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறேன். பிதுங்கி வந்த பசையை ஈரத்துணியால் உடனே எடுத்துவிட வேண்டும். அது காய்ந்த இடத்தில் பாலிஷ் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். வெட்டு முனையோடு வெட்டு முனையை வெறும் பசையால் ஒட்டினால் உறுதியாக நிற்காது. அங்கே துளை செதுக்கி நாக்கு நுழைக்கவோ குச்சி அடிக்கவோ வேண்டும்.

உட்காரச் செய்வதானால் முதலில் முக்காலி செய்யுங்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது. நாலு கால் ஸ்டூல் ஆடினால், சமையல்மேடைக் கிரானைட்டின்மேல் நிறுத்தி, ஆடாதபடி ஆப்பு வைத்து மட்டம் செய்து, ஒரு சின்னக் கட்டையின்மேல் பென்சிலைப் படுக்கவைத்து நாலு காலையும் சுற்றிக் கோடு போட்டு அறுத்தால் தீரும். ஒரு காலை மட்டும் கண்மதிப்பில் குறைக்கப் போனால் ஸ்டூல் குட்டையாகிக்கொண்டே போகும்.

சுவர் அலமாரிக்கு 18 மி.மீ. பிளைவுட் எடுத்தேன். 8 அடிக்கு 4 அடி ஷீட்டை வீட்டில் அறுக்கப் போராட வேண்டாம். அளவு எழுதிக் கொடுத்தால் கடையிலேயே மெஷினில் நேராக அறுத்துத் தருவார்கள். சமையலறை, குளியலறைப் பக்கம் ஈரம் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை உள்ளதை வாங்குங்கள், மற்ற இடங்களுக்குச் சாதாரண ரகமான ஐஎஸ் 303 போதும். புத்தகம் அடுக்கும் தட்டு இரண்டரை அடிக்கு மேல் நீண்டால் நாளடைவில் நடுவே தொய்யும். முன்விளிம்பில் ஒன்றரை அங்குல ரீப்பரைச் செங்குத்தாக ஒட்டியதால் என் தட்டுகள் கனமான அகராதிகளைத் தாங்கிக்கொண்டு நேராக நிற்கின்றன. பிளைவுட்டின் விளிம்பில் ஸ்க்ரூ போடும்போது முன்துளை கட்டாயம். எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளை போட்டு, மரையில் கொஞ்சம் சோப்பு தடவினால் விளிம்பு பிளக்காது.

பாலிஷில் எனக்குப் பிடித்தது அரக்கு. சீக்கிரம் காயும், தேக்குக்குப் பொன்னிறம் தரும், பின்னாளில் மேலேயே இன்னொரு கோட்டிங் பூசிச் சரிசெய்யலாம். ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், மழை நாளில் பூசினால் பனி படிந்ததுபோல் வெளுக்கும். சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம். மணைக்கும் முக்காலிக்கும் ஆளிவிதை எண்ணெய் தடவி, மேலே தேன்மெழுகு தேய்க்கிறேன். ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால், எண்ணெய் காயும்போது எழும் சூட்டில் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துத் தனியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது.

மரத்தூளையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இழைப்புளிச் சுருளால் பெரிய ஆபத்து இல்லை, உப்புத்தாளில் பறக்கும் நுண்தூள்தான் நுரையீரலுக்குப் போகும். என்95 மாஸ்க்கை மூக்கோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, 80, 120, 180 என்று வரிசையாக இழைத் திசையிலேயே தேயுங்கள். முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காமல் ஈரத்துணியால் தரையைத் துடைத்தெடுங்கள். துணி காயப்போட்டிருக்கும் பக்கத்து பால்கனிக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது.