ஐப்பசி வரை முன்பணம் இல்லை: சேலத்தில் வீடு தேடிய ஒரு மாதம்

சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை தொடங்கியதும் திருச்சி வழியாகச் சேலம் வந்தோம். அஸ்தம்பட்டி வாடகை வீட்டில் இருக்கும் அம்மாவுக்குச் சொந்த வீடு பார்ப்பதே இம்முறை எங்கள் வேலை.

முதலில் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஒரு நிலத்தைத் தரகர் காட்டினார். இந்தியக் கடவுச்சீட்டே வைத்திருந்தாலும், வெளிநாட்டில் குடியிருப்பவர் விளைநிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை என்பதை அவர் மூச்சுவிடவில்லை. நான் எடுத்துச் சொன்ன பிறகு, "உங்க தம்பி பேர்ல போட்டுக்கலாம் சார்" என்றார். பினாமிச் சட்டம் என்று ஒன்று இருப்பது அவர் காதுக்கு எட்டவில்லை போலும்.

வாங்கத் தடையில்லாத மனைகளும் மலையில் இருந்தன. ஆனால் சரிவைச் செங்குத்தாக வெட்டிச் சமன் செய்து, பின்னால் எழுப்பிய தடுப்புச் சுவரில் நீர் வடிய ஒரு துளைகூட விடாமல் கட்டியிருந்ததைப் பார்த்ததும் மனம் பின்வாங்கியது. மழையில் ஊறிய மண்ணின் பாரமும் அதில் தேங்கும் நீரின் அழுத்தமும் சேர்ந்தால் அத்தகைய சுவர் எத்தனை நாள் தாங்கும்? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைத் தம்பி நினைவூட்டினான். மருத்துவமனைக்கு அடிக்கடி போகவேண்டிய அம்மாவுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் உகந்தவையல்ல.

பிறகு கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு மனை அமைந்தது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்திலேயே கிடைத்தன. இதற்காக அப்பா நாள்கணக்கில் அலைந்த காலத்தோடு ஒப்பிட்டால் இந்தச் சேவையைப் பாராட்டியே ஆகவேண்டும். ஆனால் நில அளவைக்குக் கொடுத்த விண்ணப்பம் மூன்று வாரம் அசையவில்லை. விற்பவர் கேட்ட விலை, பதிவுக்காக அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைவிட இரு மடங்குக்கும் மேல்; 7 விழுக்காடு முத்திரைத்தாள் தீர்வை, 2 விழுக்காடு பதிவுக் கட்டணம் என்று செலவு தனி.

காகிதங்களில் குறையே இல்லை. எதிர்வீட்டு அம்மாள்தான், "தம்பி, மழைக்காலத்துல வந்து பாருங்க, இந்தத் தெருவே ஓடைதான்" என்றார். பழைய கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தால், சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீரை ஏரிக்குக் கொண்டுபோகும் ஓடை அந்த மனைப்பிரிவின் ஓரமாகவே சென்றது. விற்றவர், வாங்கியவர், அடமானம் வைத்தவர் எல்லாரையும் வில்லங்கச் சான்று காட்டும்; வெள்ளம் எங்கே புகும் என்பதைக் காட்டாது.

இப்போது கோரிமேட்டில் ஒரு பழைய வீட்டைப் பேசி வைத்திருக்கிறோம். பெயரில் மேடு இருப்பதை மட்டும் நம்பவில்லை. சுவரில் ஈரத்தடம் உண்டா, சாக்கடை எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்த பிறகே பேசினோம். வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம் மூன்றையும் உள்ளடக்கிய 'பாரத் கிரஹ ரக்ஷா' காப்பீட்டையும் விசாரித்தேன். அது கட்டடத்தை மீண்டும் கட்டும் செலவுக்கே பொறுப்பேற்கும், மனை விலைக்கு அல்ல. விற்பவர் ஐப்பசி வரை பொறுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் கனமழை பெய்த மறுநாள் காலை தம்பி அங்கே போய் நின்று பார்த்துச் சொன்ன பிறகே முன்பணம் அனுப்புவேன்.