பூச்செடித் தூருக்குள் அருகம்புல்: கொத்துவதா, தெளிப்பதா, தெளித்தால் எந்த மருந்து?

மல்லிகைத் தூருக்குள்ளும் ரோஜாவின் முள்கிளைகளுக்கு அடியிலும் அருகம்புல் ஏறிவிட்டால், அதை ஒழிப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழிகள் நான்கு. கொத்தி எடுக்கலாம், கிளைபோசேட் தெளிக்கலாம், முளைப்பதற்கு முன்பே தடுக்கும் பெண்டிமெத்தலினை இடலாம், அல்லது புல் இனத்தை மட்டும் தாக்கும் குயிசலோஃபாப் எத்தில் போன்ற தேர்திறன் களைக்கொல்லியைப் பயன்படுத்தலாம். இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று கடைகளில் பேசப்பட்டாலும், ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் வேறு. செடியின் தூருக்குள் புல் பின்னிக்கொண்ட நிலையில் தேர்திறன் மருந்தே மேலானது என்பதும், மற்ற இடங்களில் அதற்குப் பெரும்பாலும் தேவையே இல்லை என்பதும் என் கருத்து.

"ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துவதற்குக் காரணமான அதே இயல்புதான் தோட்டத்தில் தொல்லையாகிறது. அருகம்புல் மண்ணின் மேல் ஓடுதண்டாகவும் மண்ணுக்குள் வேர்த்தண்டாகவும் பரவுகிறது. ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாக எழக்கூடியது. வெற்றுப் பாத்தியில் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, மண் இளகியபின் வேர்த்தண்டை அறாமல் உருவி எடுத்தால், இரண்டு மூன்று முறையில் கட்டுக்குள் வந்துவிடும். அந்த இடத்தில் கைவேலைக்கு ஈடான மருந்து இல்லை. செடியின் தூருக்குள்ளோ நிலைமை வேறு: களைக்கொத்து மல்லிகையின் மேல்வேரை அறுப்பதோடு, புல்லையும் துண்டு துண்டாக்கி முளைக்க விட்டுவிடுகிறது.

புல்லின் வேர்த்தண்டு வரை இறங்கிக் கொல்லும் ஆற்றலை மட்டும் பார்த்தால் கிளைபோசேட்டே முதலிடம் பெறும். ஆனால் அது செடி, புல் என்று பார்க்காது. காற்றில் சிதறிய துளி இலையில் பட்டாலும், இன்னும் முற்றாத பச்சைத் தண்டில் பட்டாலும் உள்ளே இறங்கிவிடும். ரோஜாவில் அந்தச் சேதம் உடனே தெரியாமல், பிந்திய துளிர்ப்பில் ஊசிபோல் ஒடுங்கிய இலைகள் கொத்துக் கொத்தாக வரும்போதுதான் தெரியவரும் என்பது கூடுதல் ஆபத்து. மேலும், 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று வரையறுத்தது. எனவே வீட்டுத்தோட்டத்தில் செடிகளுக்கு நடுவே இதைத் தெளிக்கும் யோசனையைக் கைவிடுவதே சரி.

பெண்டிமெத்தலின் இங்கே போட்டியாளரே அல்ல. களையெடுத்த ஈரமண்ணில் இட்டால், விதையிலிருந்து முளைக்கும் ஓராண்டுப் புற்களையும் சிறுவிதைக் களைகள் சிலவற்றையும் அது தடுக்கும். ஏற்கெனவே வேரூன்றிய அருகம்புல்லை அது ஒன்றும் செய்யாது.

தேர்திறன் மருந்து எப்படிப் புல்லை மட்டும் பிரித்தறிகிறது என்பதை அறிந்துகொண்டால், அதன் வரம்பும் தானே விளங்கும். கொழுப்பு அமிலங்கள் உருவாவதற்கு அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதி தேவை. புல் குடும்பத்தின் பசுங்கணிகத்தில் இந்த நொதி ஒரு வடிவிலும், மல்லிகை, ரோஜா, செம்பருத்தி போன்ற அகன்ற இலைச் செடிகளில் வேறு வடிவிலும் இருக்கிறது. மருந்து முதல் வடிவத்தை மட்டுமே முடக்குகிறது. ஆகவே எலுமிச்சம்புல், வெட்டிவேர், கரும்பு, சோளம், ஓரத்துப் புல்தரை ஆகியவற்றின் மேல் பட்டால் அவையும் சேதமாகும். வெங்காயம் ஒருவித்திலைத் தாவரமாயினும் புல் குடும்பம் அல்ல என்பதால் தாங்கிக்கொள்கிறது. கோரை பார்வைக்குப் புல்லாகத் தோன்றினாலும் புல் அல்ல. இம்மருந்துகளுக்கு அது அசையாது. தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால், கோரையின் மூன்று விளிம்புகளும் விரலில் தட்டுப்படும். தெளிப்பதற்கு முன் இதைச் செய்து பார்க்காதவர்கள் கோரைப் பாத்தியில் மருந்தை வீணாக்குகிறார்கள்.

இந்த வகைக்குள்ளேயே எதைத் தேர்வது? ஃபெனாக்சாப்ராப் என்ற மருந்து குதிரைவாலிப் புல் போன்ற ஓராண்டுப் புற்களை இளம்பருவத்தில் நன்றாகக் கொல்லும். வேரோடிய அருகம்புல்லில் அதன் வேலை மிகவும் குறைவு. அருகம்புல்லுக்குக் குயிசலோஃபாப், ஃபுளுவாசிஃபாப், கிளெத்தோடிம் ஆகியவை மேலானவை. நம் பகுதியில் எளிதில் கிடைப்பது குயிசலோஃபாப் 5 சதவீதக் கரைசல் என்பதால் நான் அதையே முன்வைப்பேன். அதற்குப் பதிலாகப் புரோபாகுயிசாஃபாப்பை வாங்குவது மருந்தை மாற்றியதாகாது. செடிக்குள் சென்றபின் இரண்டும் ஒரே அமிலமாகத்தான் சிதைகின்றன. ஒரே வகை மருந்தையே திரும்பத் திரும்பத் தெளித்தால் எதிர்ப்புத்திறன் வளரும் என்பதற்குப் பஞ்சாப், ஹரியானா கோதுமை வயல்களில் ஃபலாரிஸ் மைனர் என்ற புல் கண்கூடான சான்று: ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லிக்கு அடங்காமல் போன அது, பின்னர் இந்த நொதியைத் தாக்கும் கிளாடினாஃபாப்புக்கும் அடங்க மறுத்தது.

குயிசலோஃபாப்பின் வயல் அளவு எக்டேருக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் என்ற அளவில் வரும். எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆகவே 10 சதுர மீட்டர் பாத்திக்கு வேண்டியது ஒரே ஒரு மில்லிலிட்டர், அதைக் கலக்க அரை லிட்டர் தண்ணீர். இதை மூடியால் அளக்கக் கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சால் அளக்க வேண்டும். கூடுதலாக ஊற்றினால் வேகமாகச் சாகும் என்ற எண்ணம் தவறு, ஏனெனில் மிகையான எண்ணெய்க் கரைசல் பூவிதழையும் இளந்துளிரையும் கருக்கும். மருந்துப் புட்டியின் சீட்டில் இருப்பவை பெரும்பாலும் சோயா, நிலக்கடலை, பருத்தி, உளுந்து, வெங்காயம் போன்ற வயல் பயிர்கள்தாம். எனவே பூச்செடிகளில் முதலில் ஒரே ஒரு செடியைச் சுற்றித் தெளித்து இரண்டு வாரம் பார்ப்பது அவசியம். சீட்டில் பெயரில்லாத உண்ணும் பயிர்களுக்கு இடையே தெளிக்கவே கூடாது.

நேரமும் மருந்தளவுக்கு இணையான முக்கியத்துவம் உடையது. வாடிய புல்லில் மருந்து நகராது; ஆகையால் முந்தைய நாள் தண்ணீர் பாய்ச்சி, புல் புதுத்தளிர் விட்டு ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கும்போது, காற்றில்லாத காலையில் கையுறையும் முகக்கவசமும் அணிந்து தெளிக்க வேண்டும். ஒரு வாரத்துக்குப் புல் பச்சையாகவே நிற்பதால் பலர் மருந்து போலி என்று எண்ணி மறுபடியும் தெளித்துவிடுகிறார்கள். சுமார் பத்தாம் நாள் நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள்: அடிப்பகுதி பழுப்பாக அழுகி, குருத்து தடையின்றிக் கையோடு வந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. பழைய இலைகள் சிவந்து காய்வதற்கு இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் புல்லை வெட்டினால் வேர்த்தண்டுக்குப் போக வேண்டிய மருந்தை வெட்டியெறிந்தவர்களாவோம். அருகம்புல்லுக்கு ஒரு தெளிப்பு அநேகமாகப் போதாது. மறுதுளிர் விரலளவு எழுந்தபின் இரண்டாம் முறை தெளித்து, அதன்பின் தப்பிய ஓரிரு கணுக்களைக் கையால் எடுத்து, சருகு மூடாக்குப் போட்டுவிட்டால் விதைப்புற்களும் அடங்கும்.

இவ்வழியில் நம் ஊருக்கே உரிய ஓர் அபாயம் இருக்கிறது. பிள்ளையாருக்குச் சாத்தவும் காலையில் சாறு பிழிந்து குடிக்கவும் அருகம்புல்லைப் பறிப்பவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருப்பார்கள். ஆடும் மாடும் வேலியோரம் மேயும். தெளித்த புல் பல நாள் பச்சையாகவே நிற்பதால் பார்த்து அறிய வழியில்லை. தெளித்தவுடனே பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டி, வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பறிப்பதற்கென்று வளர்க்கும் அருகம்புல் பாத்தி இருந்தால், அதன் அருகில் தெளிப்பானைக் கொண்டுபோகாமல் களைக்கொத்தையே பயன்படுத்த வேண்டும்.