கடற்கரைப் பையும் மலைக்குளப் பையும்: திருகோணமலையிலிருந்து மவுசாகலைக்கு எதைச் சுமப்பது?

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடியற்காலைப் படம் எடுத்துப் பழகியவர்கள், மலைநாட்டு நீர்த்தேக்கத்துக்கு நடைப்பயணம் போகும்போதும் அதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அதில் பாதிச் சுமை வீண். திருகோணமலையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து லென்ஸுக்கு நேர் எதிரே எழும். மஸ்கெலியாவில், மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் நின்றால் சிவனொளிபாதமலை மேற்கே இருக்கும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம். முதல் வெயில் 2,243 மீற்றர் உயரச் சிகரத்தில் படும். தண்ணீரோ அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நிழலில் கிடக்கும்.

10–18 லென்ஸா, 55–250 லென்ஸா?

ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சர் உள்ள) கமராவில் கிட் லென்ஸ், அதாவது கமராவோடு சேர்ந்து வரும் லென்ஸ், எப்படியும் பையில் இருக்கும். கூட ஒன்றுக்குத்தான் இடம். கனனின் 10–18 மி.மீ. அகல லென்ஸ் சுமார் 240 கிராம், தூரத்தைக் கிட்டக் காட்டும் 55–250 மி.மீ. சுமார் 375 கிராம். கோணேசர் மலைப் பாறைகளுக்கு அகல லென்ஸ் பொருந்தும். காலடியில் பாறை, மேலே வானம், இரண்டையும் அள்ளிக்கொள்ளும். குளக்கரையில் அதே 10 மி.மீ. சிகரத்தைப் புற்றாக்கிவிடும், முன்னால் வெறும் சேறு. 100 முதல் 200 மி.மீ. வரை போனால் மலைமுகடுகள் ஒன்றின் பின் ஒன்றாக நெருங்கி வரும். இடையிலே பனிமூட்டம், தேயிலை வரிகள். 135 கிராம் கூடினாலும் 55–250 தான். அகலக் காட்சி வேண்டுமென்றால் கமராவை நிமிர்த்திப் பிடித்து, கிட் லென்ஸில் மூன்றிலொரு பங்கு ஒன்றன்மேலொன்று விழும்படி 5 படம் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

பில்டர்கள்

என்டி1000 என்ற கறுப்புப் பில்டர் வெளிச்சத்தை 10 ஸ்டொப் (ஒவ்வொரு ஸ்டொப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) குறைக்கும்: 1/8 செக்கன் 128 செக்கனாகும். அலை அடிக்கும் கடலில் அது புகைபோன்ற தண்ணீரைத் தரும். குளம் விடியலில் ஏற்கெனவே கண்ணாடி. 1/8 செக்கனே போதும். காற்று வந்து நீர் சிலிர்த்த பிறகு இரண்டு நிமிடம் திறந்து வைத்தாலும் மலையின் பிரதிபலிப்பு திரும்பி வராது. சிலிர்ப்பெல்லாம் கலந்து பால்போன்ற மினுக்கம்தான் மிஞ்சும், கரையோர மர இலைகளும் குழம்பும். என்டியை வீட்டில் விடுங்கள்.

போலரைசர், அதாவது திருகித் திருகிப் பளபளப்பை வெட்டும் பில்டர், வேறு கதை. சூரியன் பின்னால் இருக்கும்போது அது வானத்தை நீலமாக்காது. அதன் வேலை சூரியனுக்குச் செங்குத்தான பக்கத்தில்தான். ஆனால் ஈரத் தேயிலை இலையின் பளபளப்பை வெட்டும், காலடி நீருக்குள் கிடக்கும் கற்களைக் காட்டும். நீர்ப்பரப்பைச் சுமார் 37 பாகைச் சரிவில் பார்க்கும் இடத்தில் அதன் பிடி உச்சம். தூரத்தே, தாழ்ந்த கோணத்தில் தெரியும் மலைப் பிரதிபலிப்பை அவ்வளவாகத் தொடாது. ஆகவே முழுவதும் திருகாமல், முன்னால் கல்லும் பின்னால் மலையும் சேர்ந்து தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டொப் இழப்பு உண்டு.

பாதி இருண்ட கிரஜுவேற்றட் பில்டர் கடல் விடியலுக்கு உதவும்; அங்கே அடிவானம் நேர்கோடு. இங்கே அந்தக் கோடு மலையின் உச்சியைக் கறுப்பாக்கும். 3 ஸ்டொப் போட்டால் பிரதிபலிப்பு வானத்தைவிட வெளிச்சமாகிப் படம் பொய்யாகத் தெரியும். மூன்று எக்ஸ்போஷர் எடுத்து இணைப்பதும் சரிவராது, பனிமூட்டம் ஒவ்வொரு படத்திலும் நகர்ந்திருக்கும். ஐஎஸ்ஓ 100இல் ஒரே ரோ படம் (கமரா மெருகூட்டாத மூலக் கோப்பு), வெயில் பட்ட சிகரம் வெளிறாத அளவுக்கு, பிறகு கணினியில் நிழலை 2 ஸ்டொப் தூக்குவது: இதற்கு எடையே இல்லை.

ட்ரைபொட்

அலுமினியம் ஏறத்தாழ 2 கிலோ, பயணக் கார்பன் 1.2 முதல் 1.4 கிலோ, ட்ரைபொட்டுக்குப் பதிலாகக் கமராவுக்கு அடியில் வைக்கும் அரிசிப் பை அரைக் கிலோ. கடலில் பாரமானதுதான் வெல்லும். அலை இழுப்புக்கு லேசான கால் நிற்காது. குளக்கரையில் கார்பன் போதும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காலின் மிக மெல்லிய கடைசித் துண்டையும் நீட்டாதீர்கள். பாரத்துக்குப் பையைக் கொக்கியில் தொங்கவிடுபவர்கள் அது நிலத்தைத் தொடும்படி விடவேண்டும்; அந்தரத்தில் ஆடினால் அதுவே அதிர்வு. நீர் வற்றிய கரையின் சேற்றில் கால்கள் எக்ஸ்போஷர் நடுவே மெல்ல இறங்கும், அடியில் தட்டைக் கற்களை வையுங்கள். நிலாவெளி மணல் முறுக்குப் பூட்டுகளில் இருந்தால் அங்கே பூட்டே பிடிக்காது. புறப்படுமுன் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும்.

கார்பன் வாங்கப் பணமில்லையென்றால் வெறும் துணிப் பையைக் கொண்டுபோய், ஹட்டனில் அரைக் கிலோ அரிசி வாங்கி, சிப் பையில் போட்டு உள்ளே வையுங்கள். கல்லின்மேல் வைத்து, 2 செக்கன் டைமரில் எடுத்தால் 1/8 செக்கன் தாராளமாக வரும். பிறகு சமைத்தும் சாப்பிடலாம். குறை ஒன்றுதான்: கல் இருக்கும் இடமே உங்கள் கோணம்.

எந்த மாதம்?

கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை காய்ந்து கிடக்கும். அதே தென்மேல் பருவக்காற்று மஸ்கெலியாவில் மழையாகக் கொட்டும். ஓகஸ்ட் விடுமுறைக்குப் போய் மூட்டத்தைப் பார்த்துவிட்டு வருவோர் அதனால்தான் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. நீர் நன்றாக வற்றினால், அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்கள் மேலே தெரியும். பிரதிபலிப்பு குறையும், முன்னணிக்கு வேறொரு பொருள் கிடைக்கும். தேயிலைத் தோட்டத்துக்குள் கூடாரம் போடத் தோட்டத்தாரிடம் அனுமதி கேட்டாக வேண்டும்.

திரும்பி வரும்போது

ஏறும்போதல்ல, இறங்கும்போதுதான் கமராவுக்கு ஆபத்து. குளிர்ந்த கண்ணாடியில் திருகோணமலையின் ஈரக் காற்று பட்டதும் உள்ளேயும் வெளியேயும் நீர் கோக்கும். பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும். மேலே இருக்கும்போதே காற்றை வெளியேற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சிப் பையில் மூடுங்கள். பஸ்ஸில் படம் பார்க்கத் திறக்காதீர்கள், பையை மூடுமுன்னரே மெமரி கார்டைக் கழற்றி வையுங்கள். வீட்டுக்கு வந்தும் பையின் வெளிப்புறம் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுத்துத் திறவுங்கள்.